ஓடாத தறியின் கணக்கு

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்கூடங்களில் பெரும்பாலும் கூலிக்குத்தான் நெசவு. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். சந்தை மந்தமானால் இந்தக் கூலியில்தான் கை வைப்பார்கள். கட்டுப்படியாகாத கூலிக்குத் தறியை ஓட்டுவதா, நிறுத்திவிடுவதா என்ற கேள்வி அப்போது வந்து நிற்கும்.

என் பெரியப்பாவுக்கு எட்டுத் தறி. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழு எண்களாக்கித் தருகிறேன். தறி ஓட்டுபவரின் கூலி, மின்சாரம், உதிரி பாகம் எல்லாம் சேர்ந்து மீட்டருக்கு 4 ரூபாய். தறி ஓடினால்தான் இந்தச் செலவு. கட்டட வாடகையும் வங்கித் தவணையும் மாதம் 32,000 ரூபாய். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். மாதம் 16,000 மீட்டர் நெய்தால் மீட்டருக்கு அது 2 ரூபாய். ஆக, அடக்கம் 6 ரூபாய். வந்த கூலியோ 5 ரூபாய்.

“மீட்டருக்கு ஒரு ரூபாய் நட்டம். எதற்குக் கண்ணு ஓட்ட வேண்டும்?” என்றார் பெரியப்பா.

கேட்டதும் சரி என்றே தோன்றும். ஆனால் ஓட்டினால் மாத நட்டம் 16,000, நிறுத்தினால் 32,000. ஐந்து ரூபாயில் நான்கு போக மிஞ்சும் ஒரு ரூபாய், வாடகைக்கும் தவணைக்கும் பாதிப் பணத்தைக் கொண்டுவருகிறது. ‘அடக்கம் ஆறு’ என்பது பொய்யில்லை. ஓட்டலாமா என்ற கேள்விக்கு அது பதிலில்லை, அவ்வளவுதான். அங்கே கேட்க வேண்டியது, இந்த முடிவால் எந்தச் செலவு மாறும், எந்த வரவு மாறும் என்பது மட்டுமே.

இதை வைத்துக்கொண்டு குறைந்த கூலிக்கெல்லாம் தலையாட்டிவிடக் கூடாது. ஆறரை ரூபாய் தருகிற பழைய உற்பத்தியாளர் காதுக்கு இது போனால் அவரும் ஐந்துதான் தருவேன் என்பார். அதுவும் இந்த முடிவால் மாறுகிற வரவுதான். வாடகை ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் கணக்கு மறுபடி மாறும். அதுவரை தவிர்க்க முடியாமல் இருந்த வாடகை, அன்றைக்குத் தவிர்க்கக்கூடியதாகிவிடும். எந்தச் செலவும் என்றென்றைக்கும் நிலையானதில்லை. எவ்வளவு காலத்துக்கு முடிவெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

தவணையாவது இனிமேல் கட்ட வேண்டிய பணம். கொடுத்து முடித்த பணம் இன்னும் பொல்லாதது. திரும்பி வராத அந்தப் பணத்தைப் பொருளியலில் மூழ்கிய செலவு என்பார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. ஒகாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஆண்டு முழுவதுக்குமான டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், மற்றவர்களுக்கு 13 அல்லது 8 டாலருக்கும் டிக்கெட் கொடுத்தார்கள். யாருக்கு எந்த விலை என்பது ஆள் பார்க்காமல் தற்செயலாக அமைந்தது. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றே. ஆனாலும் ஆண்டின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே கூடுதல் நாடகங்களுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கொடுத்த பணத்தின் உறுத்தல் நாளாக ஆக ஆறிவிடுகிறது போலும்.

சிவகிரிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமாவுக்கு அந்த உறுத்தல் ஆறவே இல்லை. பத்துக் குவிண்டால் விரலி மஞ்சளைக் குடோனில் போட்டிருந்தார். சந்தையில் குவிண்டால் 12,000 ரூபாய். “நான் போட்ட முதலே 13,000, மாப்பிள்ளை. அதற்குக் கீழே கொடுக்கமாட்டேன்” என்றார். அவர் உழைப்பு எனக்குத் தெரியும். வெட்டி, வேகவைத்து, காயவைத்து மெருகேற்றிய மஞ்சள் அது. ஆனால் அந்த 13,000 சந்தைக்குத் தெரியாது. புது மஞ்சள் தை, மாசியில் வரத் தொடங்கும். வெளிமாநில மஞ்சள் சந்தைகளான நிஜாமாபாத்திலும் சாங்கிலியிலும் எவ்வளவு வரத்து என்பதும் விலையைத் தீர்மானிக்கும். பார்க்க வேண்டியவை இவைதான்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஒரு குவிண்டாலுக்கு ஆறு மாதத்தில் 720 ரூபாய். குடோன் வாடகை 60 ரூபாய். காய்ந்து எடை இரண்டு சதவீதம் குறைந்தால் கையில் இருப்பது 98 கிலோ. ஆறு மாதம் கழித்துக் குவிண்டால் ஏறக்குறைய 13,040 ரூபாய்க்குப் போனால்தான் இன்றைய 12,000க்குச் சமம். வண்டு விழுந்தால் அதுவும் போதாது.

“மாமா, இந்த மஞ்சள் உங்களிடம் இல்லை, கையில் 1,20,000 ரூபாய் பணம்தான் இருக்கிறது என்று வையுங்கள். இன்றைய விலைக்கு மஞ்சள் வாங்கிக் குடோனில் போடுவீர்களா?” என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. “நாலு குவிண்டால் வேண்டுமானால் வாங்குவேன்” என்றார். மறுவாரம் ஆறு குவிண்டால் ஈரோட்டுக்கு வண்டி ஏறியது.