வீட்டிலிருந்து வேலை: பிறந்த தேதியை வைத்து ஒரு சோதனை

வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டால் வேலை ஒழுங்காக நடக்குமா? வீட்டில் இருப்பவர்களையும் அலுவலகம் வருபவர்களையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. வீட்டிலிருந்து வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களின் சுபாவமும் சூழலும் முதலிலேயே வேறாக இருக்கலாம்.

சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனம் 2010-இல் இதற்கு எளிய வழி கண்டது. ஷாங்காய் கால் சென்டரில் விருப்பம் தெரிவித்து, தகுதியும் பெற்ற 249 பேரைப் பிறந்த தேதிப்படி பிரித்தார்கள். இரட்டைப்படைத் தேதி என்றால் வாரத்தில் 4 நாள் வீடு. ஒற்றைப்படை என்றால் வழக்கம்போல அலுவலகம். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 9 மாதம் கணக்கெடுத்தார்கள்.

வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13% கூடியது. அதில் பெரும்பங்கு, அதாவது 13-இல் சுமார் 9, இடைவேளையும் உடல்நல விடுப்பும் குறைந்து வேலை நேரம் கூடியதால் வந்தது. மீதி, நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்புகளைக் கையாண்டதால். அமைதியான இடம் அதற்கு உதவியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

என்னை யோசிக்க வைத்தது அப்புறம் நடந்ததுதான். சோதனை முடிந்து, விருப்பப்படி மாறிக்கொள்ளலாம் என்றதும் பாதிக்கு மேற்பட்டோர் இடம் மாறினார்கள். தனிமை தாங்காமல் அலுவலகம் திரும்பியவர்கள் பலர். அதே அளவு உழைத்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்திருந்தது. ஆனால் இப்படி அவரவர் தமக்குப் பொருந்திய இடத்துக்குப் போனபின் வேலைத்திறன் உயர்வு 22% ஆனது! பலன் வீட்டில் மட்டும் இல்லை, இரண்டையும் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

நிறுவனம் இழப்பது உடனே கண்ணில் படாது. 2020-இல் கொரோனாவால் வீட்டிலிருந்து வேலைக்கு மாறிய மைக்ரோசாஃப்டின் சுமார் 61,000 ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்தபோது, ஒரே குழுவுக்குள் பேச்சு நெருக்கமாகியிருந்தது. வேறு குழுக்களோடு இருந்த இணைப்புகள் மெலிந்திருந்தன. புதிய செய்தி பெரும்பாலும் அந்த மெல்லிய இழைகள் வழியாகத்தான் வரும்.

சரி, இரண்டையும் சேர்த்தால்? 2021-இல் அதே நிறுவனம், டிரிப்.காம் என்ற பெயரில், 1,612 பேரிடம் சோதித்தது. மறுபடியும் பிறந்த தேதிதான். ஒரு பிரிவுக்குப் புதனும் வெள்ளியும் வீடு, மற்ற 3 நாளும் எல்லோரும் ஒன்றாக அலுவலகத்தில். மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும், மேலாளர் அல்லாதவர்களிடமும், வெகுதூரம் பயணம் செய்து வருபவர்களிடமும்தான் அது அதிகம் குறைந்திருந்தது.