கலைந்தது, கலைத்தது: கருக்கலைப்பு பற்றி வகுப்பில் பேசுவது எப்படி

"அவளுக்கு அபார்ஷன் ஆயிட்டு" என்று திருநெல்வேலிப் பக்கத்தில் சொன்னால், கரு தானாகக் கலைந்துவிட்டது என்று பொருள். "கலைச்சிட்டா" என்றால் கதை வேறு. முன்னது நேர்ந்தது, பின்னது செய்தது. மருத்துவ ஏட்டில் இரண்டுக்கும் அபார்ஷன் என்ற ஒரே சொல்தான் விழுகிறது; ஊர்ப்பேச்சு பிரித்து வைத்திருக்கிறது. விழுமியக் கல்வி வகுப்பில் இந்தத் தலைப்பை எடுக்கும் ஆசிரியர் முதலில் இந்த இரண்டு சொல்லையும் கரும்பலகையில் தனித்தனியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால், போன மாதம் அக்காவுக்குக் கரு கலைந்த வீட்டிலிருந்து வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவி, யாரோ சொன்ன "கொலை" என்ற சொல்லைத் தன் வீட்டுக்கே சொன்னதாக எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அவள் காதில் எதுவும் ஏறாது.

இந்தக் கட்டுரை மரபுப் பக்கம் நின்று எழுதப்படுகிறது. கருவில் வளர்வது ஓர் உயிர், அதை அழிப்பது தாயின் உயிரைக் காப்பது போன்ற பெருங்காரணம் இல்லாமல் அறமாகாது என்பது இதன் நிலைப்பாடு. வாசகர் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அப்படி ஒரு நிலைப்பாட்டை ஒரு மாணவர் கல்லூரியில் எழுந்து சொல்லவும், அதற்கு நேர்மாறானதை இன்னொருவர் சொல்லவும் இடம் இருக்கிறதா என்று கேட்டால், பாளையங்கோட்டை போலக் கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கும் ஊரிலேயே பதில் தயக்கமாகத்தான் வரும்.

பூட்டு இரண்டு பக்கமும் இருக்கிறது. சமய நிர்வாகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் பேச்சே எழாமல் பார்த்துக்கொள்வார்கள். எழுந்தால் ஒரே பக்கப் பேச்சாளரை அழைத்து, கேள்வி நேரம் இல்லாமல் நன்றியுரைக்குப் போய்விடுவார்கள். முற்போக்கு மேடைகளில் "கருவுக்கும் உரிமை உண்டு" என்று ஒரு மாணவர் தொடங்கினால் "பிற்போக்கு" என்ற ஒரே சொல்லில் கதை முடிந்துவிடும். இதில் பெண்களுக்குக் கூடுதல் தண்டனை. தவறு என்று சொல்லும் பெண்ணை "சாமியார் மடத்துக்குப் போ" என்பார்கள். தவறில்லை என்று சொன்னால் "இவளுக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை?" என்ற கிசுகிசு விடுதி வரை போகும். மரபை மதிக்கிற ஆசிரியர் இரண்டாவதைத்தான் முதலில் அடக்க வேண்டும். அது கருத்தைத் தொடவே இல்லை, ஆளைத்தான் தொடுகிறது.

முதலில் சட்டம், அறம் அப்புறம்

மாணவர்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சண்டையை மொபைலில் பார்த்துவிட்டு வருகிறார்கள். கருக்கலைப்பை அங்கே அரசியலமைப்பு உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பு 1973இல் வந்தது, 2022 ஜூன் 24 அன்று அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே நீக்கியது. நம் நாட்டுக் கணக்கு வேறு. கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று ஆராய சாந்திலால் ஷா குழு 1964இல் அமைக்கப்பட்டு, 1966இல் அறிக்கை தந்து, 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. ரோ தீர்ப்புக்கு இரண்டு வருடம் முந்தியது. இங்கே கருக்கலைப்பு கேட்டவுடன் கிடைக்கும் உரிமையாக எழுதப்படவில்லை. குற்றவியல் சட்டத்தில் அது இன்றும் குற்றம்தான் (பழைய தண்டனைச் சட்டத்தில் 312ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88). 1971 சட்டத்தின் நிபந்தனைக்குள் பதிவுபெற்ற மருத்துவர் செய்தால் குற்றமில்லை, அவ்வளவே.

அந்த நிபந்தனைகள் 2021 திருத்தத்துக்குப் பிறகு இப்படி இருக்கின்றன. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20க்கு மேல் 24 வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நிலையில் உள்ளவர்களுக்கு: பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது ஆகாதவர், கர்ப்ப காலத்தில் விதவையானவர் அல்லது மணவிலக்கு பெற்றவர், மாற்றுத்திறனாளி, மனநலம் குன்றியவர், கருவில் கடும் குறை கண்டறியப்பட்டவர் ஆகியோருக்கு. 24க்கு மேல், கருவில் பெருங்குறை இருந்தால் மட்டும், மருத்துவக் குழு முடிவு செய்யும். அந்தக் குழு 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்தே ஆக வேண்டும் என்றால் வார வரம்பு இல்லை. நம் உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு, 20 முதல் 24 வாரம் வரையிலான வாய்ப்பை மணமாகாத பெண்ணுக்கும் திறந்தது. 18 நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ பெற்றோர் கையெழுத்தோ சட்டத்தில் இல்லை. பெயரை வெளியே விட்ட மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மரபாளர்களுக்கு இதில் சில கசக்கும். கசக்கிறது என்பதற்காக வகுப்பில் மறைக்கும் ஆசிரியர் அறம் பேசும் தகுதியை அந்த இடத்திலேயே இழக்கிறார்.

வாரக் கணக்கில்தான் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதே மருத்துவக் கணக்கு. கரு உருவான நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 2 வாரம் குறையும். "ஆறு வாரம்" என்று ஒருவர் சொன்னால் கருவின் வயது நான்கு வாரம். இதயத் துடிப்பு ஸ்கேனில் தெரிவது இந்த மருத்துவக் கணக்கின் 6ஆம் வாரத்தை ஒட்டி. குறைகளைத் தேடும் விரிவான ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள். எந்தக் கணக்கு என்று பலகையில் எழுதாமல் தொடங்கிய விவாதத்தில் இரண்டு பக்கமும் சரியான எண்ணைச் சொல்லி, இரண்டு பக்கமும் மற்றவரைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

கருக்கலைப்பு மாத்திரை பற்றி ஒரு வார்த்தை, அறத்தின் எந்தப் பக்கம் நின்றாலும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி, ஸ்கேன் இல்லாமல் விழுங்குவதில் ஆபத்து மூன்று வகை. வாரக் கணக்கு தவறி இருக்கலாம். நம் நாட்டில் மாத்திரை முறைக்கு அனுமதி 9 வாரம் வரைதான். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். அதை இந்த மாத்திரை கலைக்காது, குழாய் வெடித்து உள்ளுக்குள் இரத்தம் கொட்டும். அரைகுறையாகக் கலைந்து மிச்சம் தங்கிச் சீழ் பிடிக்கலாம். ஒரு மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால், மயக்கம் வந்தால், தோள்பட்டையில் வலி வந்தால், காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால், காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போன இடத்தில் மாத்திரை சாப்பிட்டதை மறைக்கவும் கூடாது. இதைச் சொல்வது கருக்கலைப்புக்கு ஊக்கம் தருவதாகும் என்று நினைக்கும் நிர்வாகிகள் உண்டு. விடுதி அறையில் ஒரு பெண் இரத்தம் கொட்டிக் கிடந்தால் கருவும் போகும், அவளும் போவாள். இதில் எந்த மரபு காப்பாற்றப்பட்டது?

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முள்

விவாதம் விளங்க வேண்டுமானால் கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டும். இது சரியா என்பது ஒன்று. அரசு இதைத் தடுக்க வேண்டுமா என்பது மற்றொன்று. பிறன்மனை உறவைக் குற்றமாக வைத்திருந்த 497ஆம் பிரிவை 2018இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதனால் அது அறமாகிவிட்டது என்று எந்த மாணவரும் சொல்வதில்லை. டாஸ்மாக் சட்டப்படிதான் விற்கிறது. "சட்டம் இருக்கு, அப்புறம் என்ன பேச்சு?" என்பவருக்கு இந்த இரண்டு உதாரணம் போதும். தவறு என்று நினைப்பவரும், தான் தவறென்று நினைப்பதையெல்லாம் போலீசிடம் ஒப்படைக்க விரும்புகிறாரா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"பெண்ணின் விருப்பம் ஒன்றே போதும்" என்ற பக்கத்துக்குக் கடினமான கேள்வி: அப்படியானால் பெண் சிசு என்று தெரிந்து கலைப்பதைத் தடுக்க, கருவின் பாலினம் கண்டறிவதை 1994 சட்டம் ஏன் தடை செய்கிறது, நீங்களும் ஏன் அதை ஆதரிக்கிறீர்கள்? அங்கே மட்டும் விருப்பம் ஏன் போதவில்லை? இதற்குச் சிரத்தையான பதில்கள் உண்டு. அவற்றைத் தேட வைப்பதுதான் வகுப்பு. 2023 அக்டோபரில் 26 வாரக் கருவைக் கலைக்க ஒரு தாய் கேட்டதை, அவர் உயிருக்கு ஆபத்தில்லை, கருவில் பெருங்குறையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. வாரம் ஏற ஏற நிபந்தனை இறுகுகிறதே, எதன் எடை கூடுவதால் இறுகுகிறது என்றும் கேட்கலாம்.

மரபுப் பக்கத்துக்கும் முள் இருக்கிறது. பலர் சொல்லும் வாதம், உயிரா இல்லையா என்ற சந்தேகம் இருக்கும்போது அழிக்கக் கூடாது என்பது. பாபநாசம் அணையில் மதகைத் தூக்குமுன், கீழே ஆற்றில் யாராவது குளிக்கிறார்களா என்று தெரியாவிட்டால், "தெரியவில்லை, ஆகவே திற" என்று யாரும் சொல்வதில்லை. நல்ல வாதம்தான். ஆனால் முன்பெஞ்சுக்காரர் ஒருவர் உடனே கேட்பார்: "திறக்காட்டா அணையே உடையும்னா?" தாயின் உயிர், வன்முறைக்கு ஆளான பதினான்கு வயதுச் சிறுமி, மண்டையோடு உருவாகாத கரு என்று அடுத்தடுத்து வரும். இவற்றுக்குத் தயாராக இல்லாமல் அணைக் கதையோடு வகுப்புக்குப் போகக் கூடாது.

"நம்ம மதம் சொல்லுது" என்ற வாதமும் இந்த ஊர் வகுப்பில் அப்படியே செல்லாது. கத்தோலிக்கத் திருச்சபை கருவுற்ற கணத்திலிருந்தே உயிரைப் பார்க்கிறது. இசுலாமிய அறிஞர் பலர் 120ஆம் நாளை ஓர் எல்லையாக வைக்கிறார்கள். அதற்கு முன்பும் கூடாது என்பவரும் அவர்களில் உண்டு. திருவாசகத்தின் போற்றித் திருவகவல் கருப்பையில் உயிர் மாதாமாதம் எதிலிருந்தெல்லாம் தப்புகிறது என்று எண்ணிச் செல்கிறது. மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். புறநானூற்றின் 34ஆம் பாட்டு "மாணிழை மகளிர் கருச்சிதைத் தோர்க்கும்" என்று பெரும்பாவங்களோடு இதை வைக்கிறது; மேடையில் இதைச் சொல்பவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கும் கழுவாய் உண்டு என்பதுதான் அந்த வரியின் தொடர்ச்சி. செய்நன்றி கொன்றவனுக்குத்தான் உய்வில்லை.

வகுப்பை நடத்துவது

பட்டிமன்றமாக வைக்காதீர்கள். கைதட்டலுக்கும் நகைச்சுவைக்கும் நடுவர் தீர்ப்புக்கும் பழகிய வடிவம் அது. இந்தத் தலைப்பு தாங்காது. இரண்டு பாடவேளை, இடையில் குறைந்தது ஒரு நாள். முதல் வேளை முழுவதும் மேலே சொன்ன சட்டமும் வாரக் கணக்கும் மட்டும், ஒரே தாளில். அன்று கருத்துக்கு இடமில்லை. கேட்க நினைப்பதைப் பெயரில்லாமல் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போடட்டும்.

இரண்டாம் வேளையில் 60 பேர் என்றால் ஆறு ஆறு பேராகப் பத்துக் குழு. வரிசை எண்ணில் பிரியுங்கள். அவர்களாகப் பிரிந்தால் ஒரே விடுதி, ஒரே சாதி, ஒரே பஸ் என்று கூடுவார்கள், எல்லாரும் ஒரே கருத்தாக இருப்பார்கள். ஒவ்வொருவரும் தனக்கு எதிரான வாதத்தின் வலுவான வடிவத்தை ஐந்து வரியில் எழுத வேண்டும், 8 நிமிடம். எதிர்ப்பக்கத்தார் ஒருவர் படித்து "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. எதிர்ப்பக்கம் இல்லாத குழுவில் ஆசிரியர் போய் உட்கார வேண்டும். நேரம் பெரும்பாலும் இங்கேதான் போகும், போகட்டும்.

கை தூக்கி வாக்கெடுப்பு வேண்டாம். வீடியோ வேண்டாம், அரை நிமிடத் துண்டு வாட்ஸ்ஆப்பில் ஏறினால் அந்த மாணவிக்கு அடுத்த மூன்று வருடம் நரகம். ஆசிரியர் தன் நிலைப்பாட்டை ஒளிக்க வேண்டாம், ஆனால் கடைசியில்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான பாடங்களில் 25 இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிட்டால் அறுபது பேரும் அவருக்குப் பிடித்ததை எழுதித் தருவார்கள். மனம் மூடிக்கொள்வதற்குச் சித்தாந்தத்தைவிட இந்த 25தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். இந்த இரண்டு வேளைக்கும் மார்க் கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள்.

முதலாண்டு வகுப்பில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். 18 ஆகாதவர் கருவுற்றிருப்பது தெரிய வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், ஆசிரியர் உட்பட. மேலே சொன்ன 2022 செப்டம்பர் தீர்ப்பு, சிறுமியும் காப்பாளரும் கேட்டால் அவள் அடையாளத்தைத் தெரிவிக்காமல் விட மருத்துவருக்கு இடம் தருகிறது. ஆசிரியருக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. "என்னிடம் ரகசியமாகச் சொல்லலாம்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பலகையில் எழுதி வைத்தால் போதும்.

மருத்துவ மாணவர்களிடம் பேசினால் மனசாட்சிக் கேள்வி வரும். பிரிட்டனின் 1967 சட்டத்தில் மனசாட்சி காரணமாக விலகிக்கொள்ள 4ஆம் பிரிவு இருக்கிறது, உயிர்காக்கும் நேரம் தவிர. நம் 1971 சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. மருத்துவ அவசியம் இருக்கும்போது சமயக் காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று 2002 மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. இது சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம். விதி இருப்பது தெரியாமல் வேலையில் சேர்ந்துவிடக் கூடாது.

கலைக்காதே என்று சொல்பவருக்கு ஒரு கடன் இருக்கிறது: பெற்றாலும் வளர்க்க முடியாது என்பவள் எங்கே போவாள் என்று தெரிந்திருக்க வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம், மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகே தத்து. தமிழ்நாட்டில் 1992 முதல் தொட்டில் குழந்தைத் திட்டமும் இருக்கிறது. ஒப்படைப்பவள் மீது வழக்கு வராது. இதை அந்த ஒற்றைத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள்.

அறுபது பேரில் யாராவது ஒருவருக்கு இது பாடமாக இல்லாமல் சொந்த விஷயமாக இருக்கலாம். ஆகவே இரண்டாம் வேளைக்கு வர விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமல் லைப்ரரிக்குப் போகலாம் என்று முதல் நாளே அறிவியுங்கள், யார் போகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். அவர்களுக்கும் அன்றைக்கு வருகைப்பதிவு போட்டுவிடுங்கள்.