கணினி வரைந்த புரதமும் பாம்புக்கடி ஊசியும்

'பாம்புக்கடிக்கு ஏஐ மருந்து கண்டுபிடித்துவிட்டது, இனி பழைய ஊசி தேவையில்லை' என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. புரத ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். ஆய்வு நிஜம்தான், செய்தியின் பின்பாதி ஆளைக் கொன்றுவிடும்.

2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது அது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர் (2024 வேதியியல் நோபலில் பாதி இவருக்கு) குழுவும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. நல்ல பாம்பு வகையறாவின் விஷத்தில் 'மூவிரல் நச்சு' என்ற சிறு புரதங்கள் உண்டு. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை மறித்து மூச்சை நிறுத்துபவை அவற்றில் சில. அவற்றின் மேல் கச்சிதமாக ஒட்டிக்கொள்ள, இயற்கையிலேயே இல்லாத புரதங்களை வடிவமைத்தார்கள்.

ஆர்எஃப்டிஃப்யூஷன் என்ற ஏஐ மென்பொருள் தாறுமாறான புள்ளிக் குவியலில் தொடங்கும். அதைப் படிப்படியாகச் சீராக்கி, நச்சோடு பொருந்தும் சட்டகத்தைத் தரும். அதற்கேற்ற அமினோ அமில வரிசையைப் புரோட்டீன்எம்பிஎன்என் என்ற இன்னொரு மென்பொருள் எழுதும். அந்த வரிசை நினைத்த வடிவத்துக்கு மடங்குமா என்று ஆல்ஃபாஃபோல்ட் என்ற மூன்றாவது மென்பொருள் கணிக்கும். இவ்வளவும் திரையில்.

எங்கள் பாடு அதற்கப்புறம். அந்த வரிசைக்கான ஜீனை வரவழைத்து, ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, வளர்த்து, செல்லை உடைத்து, புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். திரையில் அழகாக மடிந்தது பாக்டீரியாவுக்குள் பால் திரிந்தது போலக் கட்டிகட்டியாகக் கிடக்கும். சில நன்றாகக் கரையும், ஆனால் இலக்கில் ஒட்டாது. அந்த ஆய்விலும் பல வடிவங்களைச் சோதித்துச் சிலவற்றைத்தான் தேற்றினார்கள். கணினி மதிப்பெண்ணை மட்டும் காட்டி 'புரதம் தயார்' என்பவரிடம் நான் முதலில் கேட்பது, பிரித்தெடுத்தீர்களா என்பதுதான்.

தேறியவை உண்மையிலேயே அசத்தல். நரம்பு நச்சு செலுத்திய பிறகு கொடுத்தும் எலிகள் பிழைத்தன. சின்னப் புரதம், சூடு தாங்கும், பழைய ஊசிக்குத் தேவைப்படும் குதிரை இல்லாமல் பாக்டீரியாவிலேயே தயாரிக்கலாம். ஆனால் எலிக்குக் கொடுத்தது பிரித்தெடுத்த ஒற்றை நச்சு; பாம்பு கடித்தால் உடம்பில் இறங்குவது பல நச்சுகளின் கலவை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷங்களோ இரத்த உறைவைக் குலைக்கும் நொதிகள் நிறைந்தவை. இந்தப் புரதங்கள் அவற்றுக்காகச் செய்தவையே அல்ல.

இங்கே இன்று உயிர் காப்பது, வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் எடுக்கும் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து தயாரிக்கும் அதே பழைய ஊசிதான். நல்ல பாம்பு, கட்டு விரியன், மேற்சொன்ன இரண்டு விரியன்கள் ஆகிய நான்குக்கும் அது ஒன்றே. கடிபட்டால் அறுக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, அந்த ஊசி இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.