எலிக்கும் சட்டம் உண்டு, ஆனால்…

விலங்குகள் மீதான ஆராய்ச்சியைப் பரிசீலிக்கும், ஒரு கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன் என்றால், "எலிக்கெல்லாமா சட்டம்?" என்று சிரிக்கிறார்கள். உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவைத் தொடர்ந்து வந்த 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். ஆனால் எவையெல்லாம் வதை என்று சொல்லும் அதன் 11ஆம் பிரிவே ஆராய்ச்சிக்கு விலக்கு கொடுத்துவிடுகிறது. ஆராய்ச்சியைக் கண்காணிக்க மத்தியக் குழு இருக்கிறது. அதன் உத்தரவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, இருநூறுதான்.

ஆகவே விலங்குக்கு உண்மையான காவல் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1998 விதிகளில் இருக்கிறது. நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். படிவம் பி கொடுத்து அனுமதி வாங்காமல் ஒரு சுண்டெலியைக்கூடத் தொடக் கூடாது. எலி, முயல் போன்றவற்றுக்கு எங்களுடையதைப் போன்ற நிறுவனக் குழுவே அனுமதி தரலாம். நாய், குரங்கு என்றால் மத்தியக் குழுவுக்குப் போக வேண்டும். பதிவு ரத்தானால் அனிமல் ஹவுஸையே பூட்ட வேண்டியதுதான். நிர்வாகம் பயப்படுவது அதற்கு.

சரி, படிவத்தில் என்ன பார்ப்போம்? முதலில் எண்ணிக்கை. "ஒரு சோதனைப் பிரிவுக்கு 6 எலி" என்று கிட்டத்தட்ட எல்லோரும் எழுதுகிறார்கள். ஏன் ஆறு என்றால், சீனியர் ஆய்வேட்டில் ஆறு இருந்தது என்பதுதான் பல நேரம் பதில். கணக்குப் போடாமல் எடுத்தால் கூடினாலும் வதை, குறைந்தாலும் வதை; முடிவு எதற்கும் உதவாமல் விலங்கு வீணாகிறது. அடுத்து வலி. மயக்க மருந்தின் அளவை மில்லிகிராம் சுத்தமாக எழுதுபவர்கள், மயக்கம் தெளிந்த பிறகு என்ன வலிநிவாரணி என்ற இடத்தைக் காலியாக விடுகிறார்கள். எந்த நிலைக்கு வந்தால் சோதனையை நிறுத்துவீர்கள், ஞாயிற்றுக்கிழமை கூண்டை யார் பார்ப்பார் என்றெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இப்படிப்பட்ட கேள்விகள் அறிவியலாளர் அல்லாத பொது உறுப்பினரிடமிருந்துதான் அதிகம் வரும். அவரைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது அந்த இடத்தையே வீணடிப்பது.

மாற்று வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு "இல்லை" என ஒரே சொல்லில் எழுதும் பழக்கமும் போக வேண்டும். அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதற்கு 2014இலேயே தடை வந்துவிட்டது. புது மருந்துகளுக்கும் செல் வளர்ப்பு, ஆர்கன் சிப் (உறுப்பு போல இயங்கும்படி சிறு சில்லில் செல்களை வளர்ப்பது) போன்ற முறைகளை மருந்துச் சோதனை விதிகளின் 2023 திருத்தம் ஏற்கிறது. தேடிப் பார்த்தவர் எங்கே தேடினார், கிடைத்தது ஏன் பொருந்தவில்லை என்று நாலு வரி எழுதலாமே. அது இல்லாத படிவத்தை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.