ஆழ்கடல் சுரங்கம்: சுற்றுச்சூழல் அறிக்கையை எங்கே தட்டிப் பார்க்க வேண்டும்?

பசிபிக் கடலில் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே கிளேரியன்–கிளிப்பர்டன் மண்டலம் இருக்கிறது. ஆழம் 4,000 முதல் 5,500 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 45 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் களிமண் தரையில் உருளைக்கிழங்கு அளவில் கறுத்த உலோக முடிச்சுகள் இறைந்து கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் நான்கும் ஒரே கல்லில் இருப்பதால்தான் சுரங்க நிறுவனங்களுக்கு அவற்றின் மேல் கண். 10 லட்சம் ஆண்டுகளில் ஒரு முடிச்சு வளர்வது சில மில்லிமீட்டர்தான்.

அந்தத் தரையில் கெட்டியாக இருப்பதே இந்த முடிச்சுகள்தான். சேற்றில் நிற்க முடியாத கடற்பஞ்சும் பவளமும் இவற்றில்தான் ஒட்டிக்கொள்கின்றன. தென்கிழக்குப் பசிபிக்கிலுள்ள பெரு படுகையில் 4,000 மீட்டருக்கும் கீழே ஒரு வெள்ளை ஆக்டோபஸ் இனம், முடிச்சில் முளைத்து இறந்துபோன கடற்பஞ்சின் தண்டில் முட்டையிட்டு அடைகாப்பது 2016இல் பதிவானது. முடிச்சை எடுத்தால் கடற்பஞ்சு இல்லை, கடற்பஞ்சு இல்லாவிட்டால் முட்டைக்கு இடமில்லை. இங்கே தாதுவும் வாழிடமும் ஒன்றே. "எடுத்துவிட்டுப் பிறகு மீட்டெடுப்போம்" என்ற வாக்குறுதி இந்த ஒரு காரணத்தாலேயே நிற்காது.

எடுக்கும் முறை இப்படி: பட்டைச் சக்கரம் பூட்டிய சேகரிப்பு வண்டி தரையில் ஊர்ந்து, நீரைப் பீய்ச்சி முடிச்சுகளைக் கிளப்பி உறிஞ்சும். கூடவே மேல்மண்ணில் சில சென்டிமீட்டரும் போய்விடும். ஆழ்கடல் புழுக்கள், ஓட்டுடலிகள், நுண்ணுயிர்களில் பெரும்பங்கு வாழ்வது அந்த மேல்மண்ணில்தான். வண்டி பெரும்பாலான மண்ணைப் பின்புறமாகக் கக்கிவிட, முடிச்சுகள் நீண்ட குழாய் வழியே கப்பலுக்கு ஏறும். கப்பலில் நீரைப் பிரித்தபின், வண்டலும் உடைந்த முடிச்சுத் தூளும் கலந்த கழிவுநீரைத் திரும்பக் கடலுக்குள் விடுவார்கள்.

பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 15 கிலோ முடிச்சு என்று வைத்தால் ஒரு சதுர கிலோமீட்டரில் 15,000 டன். ஆண்டுக்கு 30 லட்சம் டன் எடுக்க 200 சதுர கிலோமீட்டர் தரையை வழிக்க வேண்டும். ஒரே திட்டம், ஒரே ஆண்டு. 20 ஆண்டு ஓடினால் 4,000 சதுர கிலோமீட்டர். வண்டல் பரவும் பரப்பு இதில் சேரவில்லை.

கலங்கிய வண்டல் அதிகம் பரவாது என்று நிறுவனங்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. 2021இல் நடந்த சோதனை அளவீடுகளில், வண்டி கக்கிய மண்ணில் 92 முதல் 98 சதவீதம் தரைக்கு மேல் இரண்டு மீட்டருக்குள்ளேயே தங்கியது. மிச்சம் 2 முதல் 8 சதவீதம் மேலெழுந்து நீரோட்டத்தில் போனது. ஆனால் அங்கே இயற்கையாக வண்டல் படிவது ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அவ்வளவு தெளிந்த நீரை வடிகட்டி உண்டு பழகிய உயிர்களுக்கு மெல்லிய படலமே மூச்சடைப்பு. கழிவுநீரை விடும் ஆழமும் தனிச் சிக்கல். கிளேரியன்–கிளிப்பர்டன் மண்டலத்தில் 2022இல் நடந்த சோதனைச் சுரங்கத்தில் சுமார் 1,200 மீட்டரில் விட்டார்கள். நடுநீரில் மிதவை உயிரிகள் உணவென்று நம்பி விழுங்கும் துகள்களோடு சத்தில்லாத தூளும் கலந்துவிடுகிறது. அந்த மிதவை உயிரிகளைத்தான் சிறு மீன்களும் இறால்களும் தின்கின்றன.

தழும்பு ஆறுமா? பெரு படுகையில் 1989இல் சுமார் 11 சதுர கிலோமீட்டர் பரப்பில் கலப்பை போன்ற கருவியை இழுத்துச் சோதித்தார்கள். 26 ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் தடங்கள் அப்படியே இருந்தன, நுண்ணுயிர்ச் செயல்பாடும் குறைந்தே இருந்தது. அந்தக் கருவி முடிச்சுகளை மண்ணுக்குள் புதைத்ததே தவிர வெளியே எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உண்மையான சுரங்கம் இதைவிடக் கடுமையானது. கிளேரியன் மண்டலத்தில் 1979இல் ஓடிய வண்டியின் தடம் 44 ஆண்டுக்குப் பிறகும் தெரிகிறது. சில சிறு உயிரிகள் திரும்பி வந்திருப்பதும் உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. 2022 சோதனைத் தடத்திலோ வண்டலில் வாழும் சிறு விலங்குகளின் எண்ணிக்கை 37 சதவீதமும், இன வளம் 32 சதவீதமும் சரிந்தன.

அதனால் காப்பாற்றும் வேலை முழுக்க வண்டி இறங்குவதற்கு முந்தியது. ஒரு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கையில் கிடைத்தால் முன்னுரையைப் புரட்டிவிட்டு மாதிரி சேகரிப்பு அட்டவணைக்குப் போங்கள். மண்ணை எடுக்க வழக்கமாக இறக்குவது 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டிக் கருவி. ஒரு முறைக்குக் கால் சதுர மீட்டர்தான் கிடைக்கும். வேகமாக இறக்கினால் அதன் முன்னால் தள்ளப்படும் நீரலையே மேற்பரப்பு உயிரிகளை அடித்துக்கொண்டு போய்விடும். எண்ணிக்கை குறைவாக வரும், "இங்கே உயிர் அதிகமில்லை" என்று அறிக்கை சொல்லும். சல்லடைக் கண்ணையும் பாருங்கள். இந்த உயிரிகள் மிகச் சிறியவை. 300 மைக்ரானுக்கு (0.3 மில்லிமீட்டர்) பதில் 500 மைக்ரான் சல்லடையில் அலசினால் பாதி கதை வடிகாலில் போய்விடும். மாதிரியைக் குளிர்ந்த கடல்நீரில் அலசிக் குளிரிலேயே வைத்தார்களா? 1, 2 டிகிரியில் வாழ்ந்த உடல் வெப்பமண்டலக் கப்பல் தளத்தில் சீக்கிரம் சிதையும், மரபணுவும் கெடும். மரபணு இல்லாமல் இங்கே இனம் பிரிப்பது கடினம், ஏனென்றால் இந்த மண்டலத்தில் பதிவான 5,578 இனங்களில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு இன்னும் அறிவியல் பெயரே இல்லை.

அடுத்து ஒப்பீட்டுப் பகுதி. சுரங்கம் நடக்கும் இடத்தோடு ஒப்பிட, தொடாமல் விடும் ஓரிடத்தை நிறுவனம் ஒதுக்க வேண்டும். அதில் முடிச்சு அடர்த்தியும் ஆழமும் மேலிருந்து வரும் உணவும் சுரங்கப் பகுதியை ஒத்திருக்கிறதா? முடிச்சு குறைந்த, யாருக்கும் வேண்டாத மூலையை ஒதுக்கியிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. வண்டல் வந்து சேராத தூரத்தில் அது இருப்பதும் கட்டாயம். நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடற்படுகையை நிர்வகிக்கும் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் 2012இல் ஒன்பது, 2021இல் மேலும் நான்கு பெரும்பகுதிகளைச் சுரங்கத்துக்கு மூடியது நல்ல வேலை. நடுப்பகுதியை அதற்குள் ஒப்பந்தங்கள் பிடித்துவிட்டதால், அவற்றில் பல விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டன.

கடலடி வெந்நீர் ஊற்றுகளிலும் உலோகத் தாது உண்டு, ஆனால் அவை வேறு கணக்கு. ஊற்றுகள் சிறியவை, அங்குள்ள இனங்கள் வேறெங்கும் இல்லாதவை. இந்தியப் பெருங்கடலில் இரும்புச் சல்பைடு செதில் பூண்ட நத்தை, ஆழ்கடல் சுரங்க ஆபத்தின் பேரில் 2019இல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்தது. உயிருள்ள ஊற்றில் சுரங்கமே கூடாது, இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

சட்டம் 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கையிலிருந்து வருகிறது. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடற்படுகை மனிதகுலத்தின் பொதுச்சொத்து. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இயங்கும் ஆணையம் 2025 இறுதி வரை ஆய்வு ஒப்பந்தங்களை மட்டுமே வழங்கியது, வணிகச் சுரங்க ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை. 2021இல் பசிபிக் தீவு நாடான நவூரு, சுரங்க விதிமுறையை இரண்டாண்டுக்குள் முடிக்கும்படி ஆணையத்தை நெருக்கும் கெடு விதியைக் கையில் எடுத்தது. கெடு முடிந்தும் சுரங்க விதிமுறை முடியவில்லை. அந்த உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா 2025 ஏப்ரலில் தன் சொந்தச் சட்டத்தின் வழியே உரிமம் தர ஆணையிட்டது. மறுபக்கம் 30க்கும் மேற்பட்ட நாடுகள் தடையோ இடைநிறுத்தமோ கேட்கின்றன. நிக்கலும் கோபால்ட்டும் தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் ஏற்கெனவே சாலையில் ஓடுவதால், "இது இல்லாமல் மின்வாகனம் இல்லை" என்ற சுரங்க ஆதரவாளர்களின் வாதமும் வலுவிழக்கிறது.

இடைநிறுத்தமே சரியான வழி. அது வரும்வரை, சோதனைச் சுரங்கத்துக்கான தாக்க அறிக்கை பொதுக் கருத்துக்கு வைக்கப்படும்போது எழுதுங்கள். "கடலைக் காப்பாற்றுங்கள்" என்ற பொதுவான கடிதத்துக்கு ஒரு வரியில் நன்றி சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். பக்க எண்ணும் அட்டவணை எண்ணும் குறிப்பிட்டு, எத்தனை பெட்டி மாதிரி, எத்தனை ஆண்டு நீரோட்ட அளவீடு, எந்தச் சல்லடை, வண்டல் எந்த அளவைத் தாண்டினால் வண்டியை நிறுத்துவார்கள், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கப்பலில் யாரிடம் என்று கேளுங்கள். கடைசி இரண்டுக்கும் எண்ணும் பதவியும் தராத திட்டத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றே எழுதுங்கள்.