பள்ளி மேடையில் குழந்தைகளை அழவைக்காதீர்கள்

பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் என் புறநோயாளர் பிரிவுக்கு ஒரே மாதிரியான கதையோடு குழந்தைகள் வருகிறார்கள். பள்ளியில் தன்னம்பிக்கை நிகழ்ச்சி நடந்திருக்கும். பேச்சாளர் விளக்குகளை அணைக்கச் சொல்லி, சோக இசையை ஒலிக்கவிட்டு, "கண்களை மூடிக்கொள்ளுங்கள், உங்கள் அம்மா இறந்து கிடப்பதாக நினைத்துப் பாருங்கள்" என்பார். அரங்கமே கதறும். இம்முறை வந்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவளுடைய அம்மா உண்மையிலேயே இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வகுப்பாசிரியருக்கு அது தெரியும். மூச்சுத் திணறி விழுந்தவளை ஆஸ்துமா என்று நினைத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இப்போது சீருடையை எடுத்து வைத்தாலே அவளுக்குக் கை கால் நடுங்குகிறது. "நல்லதுக்குத்தானே டாக்டர் நடத்தினார்கள்?" என்று கேட்டார், அவளை அழைத்துவந்த அத்தை.

நல்லதுக்குத்தான் நடத்தினார்கள். அந்த எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் இப்படி உடைந்து வரும் பிள்ளைகளைத் தேற்றி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க இனி என்னால் முடியாது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். "பிள்ளைகள் அப்படி அழுதார்கள், மனம் மாறிவிட்டார்கள்" என்று தலைமையாசிரியர்கள் என்னிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஐந்நூறு பேரை ஓர் அரங்கில் உட்காரவைத்து இருவரை அழவைத்தால் மற்றவர்களும் அழுவார்கள். அந்த வயதின் இயல்பு அது. அழுகைக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு கிடையாது. மறுநாள் காலை அதே வகுப்பறை, அதே கேலி, அதே கணக்குப் பாடம். நிகழ்ச்சியில் தேம்பித் தேம்பி அழுத மாணவன் மூன்றாம் நாள் பின்பெஞ்சில் யாரையோ அடித்துவிட்டான் என்றால், "அவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை" என்று அவன்மீதே பழி விழுகிறது. சொன்ன முறை தவறாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அழுதால் பாரம் இறங்கிவிடும் என்பதும் பாதி உண்மைதான். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்கும்போது அழுதால் பாரம் இறங்கும். முன்பின் தெரியாத ஒருவர் ஒலிபெருக்கியில் துக்கத்தைக் கிளறிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு காரேறிவிட்டால், கிளறப்பட்டதோடு அந்தக் குழந்தை தனியாக வீட்டுக்குப் போகிறது.

பெற்றோரை வரவழைத்துப் பாத பூஜை செய்யவைக்கும் வழக்கமும் இதே வகைதான். குடித்துவிட்டு இரவெல்லாம் அம்மாவை அடித்த அப்பாவின் காலைக் கழுவச் சொன்னால் அந்தப் பையன் என்ன நினைப்பான்? வீட்டுக்குள்ளேயே பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகும் சிறுமி? பாட்டி வளர்க்கும் பிள்ளை, விடுதியில் வளரும் பிள்ளை? ஒரு பெரிய பள்ளியில் இவர்கள் யாருமே இல்லாத வகுப்பு இருக்காது.

என்னை மிகவும் அச்சுறுத்துவது வேறொன்று. "உனக்காக உன் அப்பா ரத்தம் சிந்துகிறார், நீ தோற்றால் அவர் செத்துவிடுவார்" என்ற பேச்சு. மனச்சோர்வில் இருக்கும் குழந்தைக்குக் குற்ற உணர்வு ஏற்கெனவே நோயின் அறிகுறியாக உள்ளே இருக்கிறது. "நான் எல்லோருக்கும் பாரம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், தற்கொலை ஆபத்தை மதிப்பிடும் எந்த மனநல மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பிள்ளையிடம், அவனுடைய நோய் சொல்லிக்கொண்டிருக்கும் அதே பொய்யை, மேடைபோட்டு மைக்கில் உறுதிசெய்கிறோம். 2024-இல் சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு பேச்சாளர் உடற்குறைபாட்டை முற்பிறவிப் பாவத்தோடு இணைத்துப் பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். நாடே அதைப் பேசியது. ஆனால் பாவம், கடன், தியாகம் என்று குற்ற உணர்வை ஊட்டும் பேச்சு அந்த ஒரு நாளோடு முடிந்துவிடவில்லை.

அப்படியானால் எதுதான் பயன் தருகிறது? பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. சில பள்ளிகளில் பயிற்சிபெற்ற ஓர் ஆலோசகர் முழுநேரமாக இருந்தார். அவர் மனநல மருத்துவரோ உளவியலாளரோ அல்லர். பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார், மாணவர்களே எழுதும் சுவர் இதழ் நடத்தினார், கடிதப் பெட்டி வைத்தார், தேடிவந்த பிள்ளைகளிடம் தனியாகப் பேசினார், கேலிக்கும் அடிதடிக்கும் எதிரான விதிகளைப் பள்ளியோடு சேர்ந்து வகுத்தார். ஒரு கல்வியாண்டு முடிவில் அந்தப் பள்ளிகளின் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர்களைக் கொண்டு நடத்திய பள்ளிகளில் பலன் எதுவும் தெரியவில்லை.

இதை ஆசிரியர்கள்மீதான குறையாக யாரும் படிக்க வேண்டாம். பாடம், தேர்வு, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், தேர்தல் பணி எல்லாவற்றுக்கும் மேல் இதையும் சுமத்தினால் யாரால் முடியும்? அதோடு, மதிப்பெண் போடுகிறவரிடமே மனத்தைத் திறக்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்கி, 11 தலைப்புகளில் வாரந்தோறும் வகுப்பெடுக்கச் சொல்கிறது. நல்ல பாடத்திட்டம். ஆனால் ஆசிரியர்களின் வேறு வேலைகளைக் குறைக்காமல் அது நடக்காது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990-களின் இறுதியில் 26 பள்ளிகளில் 'கேட்ஹவுஸ்' என்ற திட்டத்தை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மையமாக வைத்து, நடத்தினார்கள். இங்கே எனக்குப் பாதுகாப்பு உண்டா, என்னிடம் பேச ஆள் உண்டா, என்னை மதிக்கிறார்களா என்ற மூன்றையும் சீராக்குவதே அதன் வேலை. மனச்சோர்வு குறையவில்லை. புகை, மது போன்ற பழக்கங்கள் குறைந்தன. எதிர்ப்பக்கத்தில், இங்கிலாந்தில் 11 முதல் 14 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மைண்ட்ஃபுல்னஸ் என்ற கவனப் பயிற்சியைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு: வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் இல்லை. காலையில் ஐந்து நிமிடம் கண்மூடி உட்காரவைத்துவிட்டு மனநலத்தைப் பார்த்துக்கொண்டோம் என்று நினைக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மிடம் வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். 2024-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ் முற்றம், பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்களாக்குகிறது. வெவ்வேறு வகுப்பு, வெவ்வேறு தெருப் பிள்ளைகள் ஒரே அணியில் நிற்பது தென்மாவட்டத்தில் சிறிய விஷயம் அல்ல. பட்டியலின மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு நீதியரசர் சந்துரு குழு கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னதோடு, பள்ளி நல அலுவலர் பணியிடங்களையும் பரிந்துரைத்தது. நாலந்தா அனுபவத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் பரிந்துரையின் அருமை புரியும். பள்ளிக்குள் நாள்தோறும் இருக்கும் ஓர் ஆள். ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் நூறு பேச்சாளர்கள் அவருக்கு ஈடாகமாட்டார்கள்.

தலைமையாசிரியர்களே, சிலவற்றை உடனே நிறுத்துங்கள். மரணத்தைக் கற்பனை செய்யச் சொல்லும் எவரையும் மேடையேற்றாதீர்கள். அழும் குழந்தையின் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் போடாதீர்கள். எந்த நிகழ்ச்சியானாலும் எழுந்து வெளியேற அனுமதி உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், வெளியே வரும் பிள்ளையோடு உட்கார ஒருவரை வையுங்கள். உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரைவார்க்காதீர்கள். கழிப்பறையைச் சுத்தமாக வையுங்கள். அதற்குப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் தலைவலியோடு வரும் சிறுமிகளுக்கு நான் என்ன மாத்திரை எழுதுவது? பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டியை யார் திறக்கிறார்கள் என்று பாருங்கள். கடிதத்தின் கையெழுத்து யாருடையது என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை ஆராய்ச்சி நடந்துவிட்டால், அந்தப் பெட்டியில் இனி எதுவும் விழாது.

போதைப்பொருள் விழிப்புணர்வு என்று புற்றுநோய் வாயைத் திரையில் காட்டுவதும் பயன்தராது. நாற்பது வயதில் வரும் நோய் பதின்மூன்று வயதுக்கு உறைக்காது. "ஒரு தடவைதானே, பயந்தாங்கொள்ளி" என்று பத்தாம் வகுப்பு அண்ணன் நீட்டும்போது முகம் சுருங்காமல் மறுப்பது எப்படி என்று வகுப்பில் நடித்துப் பழக்குங்கள். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்பது சட்டப்படி குற்றம், அந்தக் கடைமீது புகார் கொடுங்கள். உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தோடு பிடிபட்டவனுக்கு டி.சி. கொடுக்காதீர்கள். அவனைத் தடுத்துநிறுத்த மிச்சமிருந்த ஒரே இடம் உங்கள் பள்ளி.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்து வந்த பிள்ளை வழக்கத்துக்கு மாறாகக் காலில் விழுந்தால் நெகிழ்ந்துபோய் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, என்ன சொன்னார்கள், உனக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். "எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை" என்று சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு 2005-இலேயே இதைக் காட்டியிருக்கிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் அழைத்துவாருங்கள். பிள்ளை இதை ஆசிரியரிடம் சொன்னாலும் இதேதான் முறை, ஆசிரியர்களுக்கு ஒன்று மட்டும் கூடுதல்: யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள்.

எந்த நேரமும் அழைக்க 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த இரண்டு எண்களையும் தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டாதீர்கள், அங்கே நின்று குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டுங்கள்.