பழைய ஐபாடில் டிஸ்க் மாற்றப் போகிறீர்களா?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பல வீட்டு அலமாரிகளில் ஆப்பிளின் பழைய பாட்டுப் பெட்டியான ஐபாட் ஒன்று இன்னும் கிடக்கிறது. சபர் (வெளிநாடு) போன வாப்பாவோ காக்காவோ (அண்ணனோ) துபாயில் இருந்தபோது வாங்கியது. முதுகில் பொடி எழுத்தில் ஏ1136 என்று இருந்தால் அது 2005-இல் வந்த வீடியோ மாடல். ஏ1238 என்றிருந்தால் 2007 முதல் 2014 வரை விற்ற கிளாசிக். இரண்டுக்குள்ளும் ஓடுவது 1.8 அங்குல ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 4,200 சுற்று. இத்தனை வருடம் ஓடியதே பெரிது. இப்போது ஒவ்வொன்றாக டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வருகின்றன.

கூடவே பிள்ளைகள் யூடியூப் பார்த்துவிட்டும் வருகிறார்கள். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு அடாப்டரும் மெமரி கார்டும் போட்டால் புதுசு மாதிரி ஓடும் என்கிறார்கள். உண்மைதான். நானும் போட்டுக் கொடுக்கிறேன். தட்டு சுற்றாது, எடை குறையும், கீழே விழுந்தாலும் பாட்டு நிற்காது, பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். கைப்பழக்கம் இருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் எந்தக் கார்டு, எத்தனை ஜிபி என்று மட்டுமே கேட்கிறார்கள். உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்பவர் அபூர்வம். பாட்டுதானே, யூடியூபில் கிடைக்கும் என்ற நினைப்பு.

எல்லாம் கிடைக்காது. உள்ளூர்க் கச்சேரியில் மிக்சரிலிருந்து எடுத்தது, கல்யாண வீட்டில் பாடியது, கேசட்டிலிருந்து மாற்றிவிட்டு கேசட்டைத் தூக்கிப் போட்டது என்று எதெதுவோ இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பெரும்பாலான பாட்டுகள் டிஸ்க் கெட்டதால் தொலைவதில்லை. "சரி" என்ற பொத்தானை அமுக்கித்தான் போகின்றன. மூன்று இடத்தில் இது நடக்கும். முதலாவது, ஐபாடை வேறொரு கணினியில் செருகியதும், பாட்டு ஏற்றுகிற ஆப்பிள் மென்பொருளான ஐடியூன்ஸ் ஒரு கேள்வி கேட்கும்: இது வேறு கணினியோடு இணைக்கப்பட்டது, இதிலுள்ளதை அழித்துவிட்டு இங்கிருப்பதை ஏற்றட்டுமா? அவசரத்தில் சரி கொடுத்தால் வாப்பாவின் பாட்டு போய் மகனின் பாட்டு வந்துவிடும். இரண்டாவது, டிஸ்க் கொஞ்சம் தடுமாறினால் போதும், இதை ரீஸ்டோர் செய்ய வேண்டும் என்று வரும். ரீஸ்டோர் என்றால் பழையதை மீட்டுக் கொடுப்பது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். துடைத்துப் போட்டுவிட்டுக் காலிப் பெட்டியாகத் தருவதுதான் அதன் வேலை. மூன்றாவதுதான் மோசம். ஐபாடை முதலில் ஆப்பிள் கணினியில் போட்டுப் பழகியிருந்தால் அதன் டிஸ்க் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது. ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது, வாசிக்கத் தெரியாததால் வந்த கேள்வி அது. அந்த மாதிரி ஐபாடை நான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில் திறந்து எடுப்பேன். ஆப்பிள் கணினி கைவசம் இருந்தால் அதுவும் சரி.

ஆகவே ஐடியூன்ஸ் இல்லாத கணினியில் செருகுங்கள். ஐபாடில் மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் ஆப்பிள் சின்னம் வரும். வந்தவுடன் விட்டுவிட்டு நடுப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் பிடித்தால் டிஸ்க் மோடுக்குப் போகும். கணினியில் பென்டிரைவ் போலத் தெரியும். உள்ளே பார்த்தால் பாட்டே இருக்காது. பதற வேண்டாம். மறைத்து வைத்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் ஐபாட்_கன்ட்ரோல் என்றொரு ஃபோல்டர் வரும். அதற்குள் மியூசிக், அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். பாட்டுகளின் பெயர் நாலு நாலு எழுத்தாக, அர்த்தமே இல்லாமல் இருக்கும். கவலை வேண்டாம், உண்மைப் பெயரும் ஆல்பமும் கோப்புக்குள்ளேயே டேக்காக இருக்கும். கணினியில் ஏதாவது பாட்டு நிர்வாக மென்பொருளில் போட்டால் பெயர்கள் திரும்பி வந்துவிடும். முழு ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுங்கள். பெயர் மாற்றுவதெல்லாம் பிறகு.

மியூசிக்கை மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். வீடியோ மாடலில் தனியாக மைக் மாட்டிப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவுகள் வெளியே ரெக்கார்டிங்ஸ் என்ற வேறு ஃபோல்டரில் இருக்கும். போட்டோக்களுக்கும் தனி ஃபோல்டர். ஒரு லாத்தா (அக்கா) தன் வாப்பாவின் ஐபாடைக் கொண்டுவந்தார். வேறு ஊரில் ஒரு கடையில் கார்டு போட்டு, பாட்டெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "தம்பி, பாட்டு போனாப் போகட்டும், எங்க வாப்பா ஓதி வச்சிருந்தாங்க, அதக் காணோம்" என்றார். பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். நல்லவேளை, அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு வாங்கி வைத்திருந்தார். அடாப்டரில் மாட்டித் திறந்தால் ரெக்கார்டிங்ஸ் ஃபோல்டர் அப்படியே இருந்தது. யாசீன் சூரா, பின்னணியில் மின்விசிறிச் சத்தத்தோடு.

டிஸ்க்கின் உடல்நிலையையும் பிரிக்காமலே பார்க்கலாம். அதே மாதிரி ஆப்பிள் சின்னம் வந்ததும் நடுப் பொத்தானையும் பின்னோக்கும் பொத்தானையும் பிடித்தால் சோதனைத் திரை வரும். ஹார்டு டிரைவ் பிரிவில் ஸ்மார்ட் டேட்டா என்று ஒன்று இருக்கும். அதில் பெண்டிங் செக்டார்ஸ் (வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) என்ற வரியில் பூஜ்யம் இருந்தால் சாதாரணமாக நகல் எடுக்கலாம். எண் இருந்தால் இழுத்துப் போட்டு நகல் எடுக்காதீர்கள். ஒரு கெட்ட இடத்தில் கணினி முட்டிக்கொண்டு நிற்கும்போது டிஸ்க்கின் மிச்ச உயிரும் போய்விடும். டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில் வரும். டக் டக் சத்தம் தொடர்ந்து கேட்டால் அதுவும் வேண்டாம், அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதும் உள்ளே தட்டைக் கீறலாம்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் டிஸ்க் ஓடும் என்று ஒரு வைத்தியம் இணையத்தில் சுற்றுகிறது. எங்கேயும் செய்யாதீர்கள், நம் கரையில் செய்யவே செய்யாதீர்கள். டிஸ்க் முழுக்க மூடியது இல்லை. காற்றழுத்தம் சமமாக, வடிகட்டி வைத்த ஒரு சின்னத் துளை இருக்கிறது. அது தூசியை நிறுத்தும், ஈரத்தை நிறுத்தாது. ஜில்லென்ற டிஸ்க்கைப் பாம்பன் காற்றில் வெளியே எடுத்தால் நீர் கோர்த்துக்கொள்ளும், தட்டின் மேலேயும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் எந்த ரிப்பேரும் இல்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடையில் (வடகிழக்குக் காற்றில்) வடகடல். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் உப்புச் சாரல். ஐபாடின் அடியிலுள்ள அகலமான 30 பின் துளைதான் அதற்கு வாசல். பின்களில் வெள்ளைப் பூவோ பச்சைக் களிம்போ பிடித்திருக்கும். அந்த நிலையில் கேபிளைச் செருகி நகல் எடுக்கத் தொடங்கினால் பாதியில் தொடர்பு அறும், அப்புறம் ரீஸ்டோர் செய்யச் சொல்லும், நாம் முதலில் பேசிய இடத்துக்கே வந்துவிடுவோம். ஐசோபுரொபைல் ஆல்கஹால், கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள், அதையும் மென்மையான பிரஷ்ஷையும் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு செருகுங்கள். சானிடைசர் வேண்டாம். அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கிறது.

இனி பிரிப்பது. வீடியோ மாடலுக்கு முன்பக்கம் பிளாஸ்டிக், ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை விட்டு நகர்த்தினால் கிளிப்புகள் விடும். கிளாசிக்குக்கு முன்பக்கமும் உலோகம். அதைக் கோணாமல் திறப்பதற்கு அனுபவம் வேண்டும். வீட்டில் முதன்முதலாகச் செய்து பழக அது ஏற்ற பெட்டி இல்லை. எதுவானாலும் சவரப் பிளேடோ கத்தியோ வேண்டாம். பேட்டரி பின்மூடியில் ஒட்டியிருக்கும். லித்தியம் பேட்டரியில் உலோகம் குத்தினால் உள்ளேயே ஷார்ட்டாகித் தீப்பிடிக்கும். பெட்டி வயிறு தள்ளியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், நீங்களே திறக்காதீர்கள். என் மேசைக்குக் கீழே ஒரு வாளியில் காய்ந்த மணல் எப்போதும் உண்டு. கடற்கரை மணல் எடுத்து வைக்கக் கூடாது, அதில் ஈரமும் உப்பும்.

மூடியை விட்டதும் இரண்டாக விரித்துவிடக் கூடாது. பேட்டரி ஸ்ட்ரிப்பும் ஹெட்போன் ஸ்ட்ரிப்பும் (தட்டையான மெல்லிய வயர்கள்) இரண்டு பாதியையும் இணைத்திருக்கும். பேட்டரி ஸ்ட்ரிப்பின் லாக் நகக்கண் அளவுதான். அதை மேலே தூக்கிய பிறகுதான் ஸ்ட்ரிப்பை இழுக்க வேண்டும். லாக்கோடு பிடுங்கி எடுத்து வந்தவர்கள் நிறைய. லாக் உடைந்தால் டிஸ்க் மாற்றும் வேலை போர்டு வேலையாகிவிடும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

கார்டு எத்தனை ஜிபி? 64 போதும், மிஞ்சினால் 128. சாதாரண எம்பி3 பாட்டு 4 எம்பி என்று வைத்தால் 64 ஜிபியில் சுமார் 15,000 பாட்டு. அதற்கு மேல் போடுவது பெரும்பாலும் வெட்டிப் பெருமை, சில மாடல்களில் ஆபத்தும்கூட. முதுகில் 80 ஜிபி, 120 ஜிபி என்று போட்ட கிளாசிக்குகள் டிஸ்க் முகவரியை 28 பிட்டில் எண்ணுகின்றன. சுமார் 128 ஜிபிக்கு மேல் அவற்றுக்கு இடமே தெரியாது. 256 போட்டால் முதலில் ஓடுகிற மாதிரி இருந்து, எல்லை தாண்டும்போது குழம்பிவிடும். 2009-இல் வந்த மெல்லிய 160 ஜிபி கிளாசிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 30 ஜிபி வீடியோ மாடலில் வேறு சிக்கல், நினைவகம் 32 எம்பிதான். சுமார் 20,000 பாட்டுக்கு மேல் பட்டியலையே அதனால் ஏற்ற முடியாமல் திணறும்.

விலை மலிவான கார்டு வாங்கி ஏமாந்து வருகிறவர்களும் உண்டு. மேலே 512 என்று அச்சிட்டிருக்கும், கணினியும் 512 என்றே காட்டும், உள்ளே இருப்பதோ 16 அல்லது 32. அந்த அளவுக்கு மேல் எழுதியதெல்லாம் எங்கும் போகாது. முதல் சில ஆயிரம் பாட்டு ஓடும், அப்புறம் தாவும், பிறகு மௌனம். ஐபாடில் மாட்டுவதற்கு முன்பே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பாருங்கள். சில மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

கார்டு மாட்டியதும் ஐபாட் ரீஸ்டோர் கேட்கும். இப்போது தாராளமாகச் சரி கொடுக்கலாம், அழிவதற்கு அதில் ஒன்றுமில்லை. டிஸ்க் இருந்த இடம் காலியாக இருப்பதால் அடாப்டர் ஆடாமல் இருக்க மெல்லிய ஃபோம் வையுங்கள்.

பழைய பேட்டரியை மாற்றினால் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, கடலிலும் வீசக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள். கடையில் வேலை கொடுத்தால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், "அது ஸ்கிராப்" என்றாலும் வாங்குங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு ஜிப் கவரில் போட்டு, யாருடையது, எந்த ஐபாட் என்று எழுதி வையுங்கள். நகல் எடுத்ததை ஒருமுறை முழுக்கப் போட்டுக் கேட்ட பிறகு அதைத் தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளலாம்.